நோயாளியின் ஒரு நாளை முதலில் கேளுங்கள்: குமரி மாவட்டச் செவிலியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருந்த ஓர் அம்மாவைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்பினோம். கடற்கரை ஊர்க்காரர். மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, "உப்பை நன்றாகக் குறைத்துவிடுங்கள் அம்மா" என்றேன். தலையாட்டினார். மூன்றே வாரத்தில் அதே வீக்கத்தோடு, மூச்சு வாங்க, அதே வார்டுக்கு வந்தார். குழம்பில் உப்பே போடுவதில்லை என்று மருமகள் சத்தியம் செய்தார். பிறகுதான் சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்கிறார் என்று கேட்டேன். குழம்பு சப்பென்று இருந்ததால் இரண்டு வேளையும் சுட்ட கருவாடு. அவரைப் பொறுத்தவரை உப்பு என்பது டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொருள். கருவாடு என்பது மீன். நான் சொன்னதை அவர் அப்படியே செய்திருந்தார். நான்தான் அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் அறிவுரை சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து என் வேலைமுறை மாறியது. ஒருவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் அவருக்கு நான் எதையும் கற்பிப்பதில்லை. புதிதாகப் பணியில் சேரும் செவிலியர்களுக்கு வார்டில் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் அவசியம். குலசேகரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து குளச்சல் கடற்கரைக்குக் குறுகிய பஸ் பயணம்தான். ஆனால் அந்த இரு இடத்து மனிதர்களின் தூக்கம், சாப்பாடு, கூலி, பயம் எல்லாமே வேறு. தோவாளையில் பூக்கட்டுபவர் உறங்கும் நேரமும் நாகர்கோவிலில் அலுவலகம் போகிறவர் உறங்கும் நேரமும் ஒன்றல்ல. சர்க்கரை நோய்க்கு என்று அச்சடித்த ஒரே தாளை இவர்கள் எல்லாருக்கும் கொடுத்தால் அது யாருக்கும் பொருந்தாது.

முதல் படி: கற்பிக்கும் முன் கேளுங்கள்

நோயாளி வார்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ, வலியும் காய்ச்சலும் சற்று அடங்கிய நேரத்தில், பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். நின்றபடி கேட்டால் குறுகிய பதில்தான் வரும். "நேற்று இல்லை, நீங்கள் நன்றாக இருந்த ஒரு சாதாரண நாளைச் சொல்லுங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து தொடங்குங்கள்" என்று கேளுங்கள். வேறு எந்தப் படிவமும் வேண்டாம். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

அவர் சொல்லச் சொல்ல, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். எப்போது எழுகிறார், முதலில் வாயில் போவது என்ன, வேலைக்கு எப்படிப் போகிறார், எங்கே சாப்பிடுகிறார், சமைப்பவர் யார், மாத்திரை எங்கே இருக்கும், இரவில் பக்கத்தில் யார் படுத்திருப்பார்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். "நேந்திரம்பழமா? அதைச் சாப்பிடக்கூடாதே!" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு வரும் பதில்கள் எல்லாம் உங்களைத் திருப்திப்படுத்துவதற்கான பதில்களாகிவிடும்.

இன்னும் மூன்று கேள்விகளை நான் விடுவதில்லை. இந்த நோய் ஏன் வந்தது என்று நினைக்கிறார்? இதில் அவருக்கு மிகவும் பயமாக இருப்பது எது? இதற்கு முன் வேறு யாரிடம் வைத்தியம் பார்த்தார்? மூன்றாவது கேள்வியை மரியாதையோடு கேட்க வேண்டும். வர்ம ஆசானிடம் போவதும் எண்ணெய் இட்டுத் தடவுவதும் நம் ஊரில் வழிவழியாக வரும் பழக்கம். முகம் சுளித்தால் மறைத்துவிடுவார்கள். மறைத்தால் ஆபத்து நமக்குத் தெரியாமல் போகும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடான எண்ணெயும் வெந்நீர் ஒத்தடமும் தோலை வேகவைத்துவிடும். அவருக்குச் சுடுவதே தெரியாது. "ஆசானிடம் போகலாம் ஐயா. ஆனால் பாதத்தில் சூடு மட்டும் வேண்டாம், ஆசானிடமும் இதைச் சொல்லுங்கள்" என்றால் கேட்பார்கள்.

படிக்கத் தெரியுமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். அதனாலேயே, படிக்க முடியாதவருக்கு அதை வெளியே சொல்லக் கூடுதல் கூச்சம். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "இதை வீட்டில் எப்படி அடையாளம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நிறத்தைச் சொல்கிறாரா, பெயரை வாசிக்கிறாரா என்பதில் தெரிந்துவிடும். எல்லையோரத்து விளவங்கோடு பக்கத்தில், 1956-க்கு முன் பள்ளிக்குப் போன முதியவர்களில் சிலருக்கு மலையாள எழுத்துதான் பழக்கம். பேச்சு தமிழாக இருப்பதால் நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

இரண்டாம் படி: மூன்றே செய்திகள்

நோயாளிகள் மருத்துவமனையில் கேட்ட தகவலில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துவிடுகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. வார்டில் வேலை செய்கிற யாருக்கும் இதில் வியப்பு இருக்காது. ஆகவே உங்கள் பட்டியலைச் சுருக்குங்கள். நான் எனக்குள் கேட்டுக்கொள்வது இதுதான்: எதைத் தவறாகச் செய்தால் இவர் உயிருக்கு ஆபத்து? எதைச் செய்யாவிட்டால் ஒரு மாதத்துக்குள் இங்கே திரும்பி வருவார்? இவர் மிகவும் பயப்படுவதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு செய்தி. மற்றவை அடுத்த வருகைக்கு.

மூன்றாம் படி: செய்தியை அவர் நாளோடு கோத்துவிடுங்கள்

இதுதான் முழு வேலையின் உயிர். ஓர் உதாரணத்தை விரிவாகவே பார்ப்போம்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். மாத்திரையில் சர்க்கரை கட்டுப்படாமல் இன்சுலின் தொடங்குகிறார்கள். 30/70 கலவை (30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு நடுத்தர நேரம் வேலை செய்வது), காலையும் இரவும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. நாம் வழக்கமாகச் சொல்வது: "காலை ஏழரைக்கு ஊசி, எட்டு மணிக்குச் சாப்பாடு. இரவும் அப்படியே."

அவர் நாளைக் கேட்டால் கிடைப்பது இது. இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டுப் படுக்கிறார். மூன்று மணிக்கு எழுந்து கட்டன் சாயா (பால் விடாத தேநீர்). தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மலைச்சரிவில் மரத்துக்கு மரம் நடந்து வெட்டுகிறார். விடிந்து சற்று நேரம் கழித்து, சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, உறைய ஊற்றிவிட்டு, பத்தரை மணிக்குத்தான் வயிறு நிறையச் சாப்பாடு. பெரும்பாலும் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும்.

இப்போது இன்சுலினை இதன் மேல் வைத்துப் பாருங்கள். மாலை ஆறரைக்குப் போட்ட கலவையில் உள்ள நடுத்தர நேர இன்சுலின், போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்தில் வேலை செய்யும். அதாவது நள்ளிரவுக்கு முன்பிருந்து அதிகாலை நான்கரை வரை. அதன் பிற்பகுதியில் அவர் வெறும் வயிற்றில், கையில் கூரிய கத்தியோடு, இருட்டில், தனியாக மலையேறிக்கொண்டிருப்பார். சர்க்கரை இறங்கி மயங்கினால் விடியும்வரை யாரும் பார்க்கப்போவதில்லை. காலை ஏழரை ஊசியைத் தோட்டத்திலேயே போட்டுக்கொண்டாலோ, பத்தரை வரை சாப்பாடு இல்லை. நம் வழக்கமான அறிவுரையை அவர் ஒழுங்காகப் பின்பற்றினால்தான் ஆபத்து.

இங்கே செவிலியரின் முதல் வேலை நோயாளியிடம் பேசுவதே அல்ல, மருத்துவரிடம் பேசுவது. மேலே எழுதிய நாளை ஒரு தாளில் நேரத்தோடு எழுதி, மருந்துச் சீட்டு முடிவாகும் முன் காட்டுங்கள். ஊசியின் வகையோ அளவோ நேரமோ மாற வேண்டுமா என்பது மருத்துவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவுக்கான தகவல் நம்மிடம்தான் இருக்கிறது.

முடிவு வந்தபின் நோயாளியிடம் உட்காருங்கள். அவருக்கான மூன்று செய்திகள் இப்படி அமையும்: சாப்பாடு கண்முன் வந்தபிறகுதான் காலை ஊசி, வெட்டுக்குப் போகும் முன் மருத்துவர் சொன்னபடி ஏதாவது உண்பது, சட்டைப்பையில் எப்போதும் மூன்று தேக்கரண்டி சர்க்கரைப் பொட்டலம். மூன்று தேக்கரண்டி ஏறக்குறைய 15 கிராம். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, கருவி இல்லாத இடத்தில் அறிகுறி தெரிந்தாலோ, வேலையை நிறுத்தி உட்கார்ந்து அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு பொட்டலம். தெளிந்தபின் பிஸ்கட்டோ பழமோ சாப்பிட்ட பிறகே எழ வேண்டும். ஆகவே பையில் இரண்டு பொட்டலம், மழையில் நனையாத பிளாஸ்டிக் உறையில்.

அறிகுறியையும் அவர் வேலையின் மொழியிலேயே சொல்லுங்கள். "வியர்க்கும்" என்றால், மலையில் வேலை செய்பவருக்கு அது அன்றாடம். "கை நடுங்கி, கத்தி போட வேண்டிய வரியிலிருந்து விலகுகிறது என்றால் உடனே உட்காருங்கள்" என்றால் அவருக்குப் பளிச்சென்று புரியும்.

இன்னொன்று. மழை கொட்டுகிற நாளில் வெட்டு இருக்காது. அன்று உடல் உழைப்பு குறைவு, வீட்டில் சாப்பாடு முன்னதாகவே கிடைக்கும், சர்க்கரை கூடும். ஆகவே இவருக்கு இரண்டு நாள் அட்டவணை தேவை: வெட்டு நாள், மழை நாள். இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொடுங்கள். ஊசி அளவைத் தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதைத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது, மரச்சீனியை விலக்கச் சொல்வது நடக்காத காரியம். சொல்பவர் மேல் நம்பிக்கைதான் போகும். எடைக்கு எடை பார்த்தால் சோற்றைவிட அதில் மாவுச்சத்து கூடுதல் என்பதை விளக்கி, தட்டில் கிழங்கின் அளவைக் குறைத்து மீனையும் பயறையும் காயையும் கூட்டச் சொல்லுங்கள். அவர் கையாலேயே ஒரு தட்டில் பரிமாறிக் காட்டச் சொல்வது நல்லது. கருப்பட்டி சர்க்கரையைக் கூட்டாது என்ற நம்பிக்கை இங்கே பரவலாக இருக்கிறது. கூட்டும். கருப்பட்டிக் காப்பியையும் அக்கானியையும் (பதநீர்) மறக்காமல் கேளுங்கள்.

கடலுக்குப் போகிறவர் என்றால் கணக்கு முற்றிலும் வேறு. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. ரத்த அழுத்த மாத்திரை "ஒரு மாதத்துக்கு" என்று கொடுத்தால் நடுக்கடலில் தீர்ந்துவிடும். இந்தப் பயணம் எத்தனை நாள் என்று கேட்டு, அதற்கு மேல் பத்து நாளைக்கும் சேர்த்து வாங்க வழிசெய்யுங்கள். இரண்டாகப் பிரித்து, இறுக்கமாக மூடும் டப்பாக்களில் இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். இன்சுலின் எடுத்துப்போனால், மீன் வைக்கும் பனிக்கட்டியில் நேரடியாகப் புதைத்துவிடும் ஆபத்து உண்டு. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, பனிக்கட்டியைத் தொடாத இடத்தில் வைக்க வேண்டும்.

நான்காம் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

சுருக்கமாகவே சொல்கிறேன். ஆங்கில மருத்துவச் சொல்லும் வேண்டாம், அகராதித் தமிழும் வேண்டாம். "குருதி அழுத்தம்" என்று எந்தப் பாட்டியிடமும் சொல்லாதீர்கள். "பிரஷர்" என்றால் புரியும். "உணவுக்கு முன்" என்பதற்குப் பதில் "கஞ்சி குடிக்க உட்காரும் முன்". "நிறையத் தண்ணீர்" என்பதற்குப் பதில் எத்தனை செம்பு. "உப்பைக் குறையுங்கள்" என்பதற்குப் பதில், "ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டிக்குள், கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பது அதற்குள்ளே அடங்க வேண்டும்". பெரியவர்களை ஐயா, அம்மா, பாட்டா என்று அவர்கள் வீட்டில் அழைப்பதுபோல அழையுங்கள். கட்டில் எண்ணைச் சொல்லி அழைக்கப்பட்டவர் உங்களிடம் மனம் திறக்கமாட்டார்.

ஐந்தாம் படி: கையால் செய்வதைக் கையால் கற்பியுங்கள்

ஊசி போடுவது, இன்ஹேலர் இழுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்றவற்றை வாயால் கற்பிக்க முடியாது. நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு அவர் செய்ய, நீங்கள் பாருங்கள். குறைந்தது மூன்று வேளையாவது, வார்டில் இருக்கும்போதே.

இன்சுலினில் ஒரு விஷயத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை: சிரிஞ்சும் மருந்தும் பொருந்துகிறதா என்பது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலினில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை எடுத்தால் போவது 50 யூனிட், உயிரே போய்விடும். மருந்துக்கடையில் எது கையில் வந்தாலும் வாங்கிவிடுவார்கள். ஆகவே பழைய குப்பியையும் பழைய சிரிஞ்சின் மூடியையும் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டி வாங்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது பயன்படும்.

ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு விரலளவு தள்ளிப் போட வேண்டும். கலவை இன்சுலின் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்ட வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி இல்லையென்றால், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு நிழலில் வைக்கலாம். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான வகைகளுக்குத் திறந்தபின் ஆயுள் 28 நாள்.

ஆறாம் படி: ஒரு பக்கத் தாள்

அவருக்கென்றே ஒரு தாள் எழுதுங்கள். அச்சடித்ததைக் கொடுத்தாலும் மேலே அவர் பெயரையும் அவர் நேரங்களையும் கையால் எழுதுங்கள். மூன்று செய்திகளுக்கு மேல் வேண்டாம். பெரிய எழுத்து. மாத்திரையை அட்டையோடு வெட்டித் தாளில் ஒட்டி, பக்கத்தில் சூரியன், நிலா வரைந்தால் போதும். கடிகாரம் பார்க்காதவருக்குக் கோயில் மணியோ மாதாகோயில் மணியோ பாங்கோ நல்ல அடையாளம். "காலை மணி அடித்ததும்" என்று எழுதலாம். கடைசி வரி எப்போதும் ஒன்றே: எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும், அவசரத்துக்கு 108.

தாளை விட எனக்குப் பிடித்தது குரல்பதிவு. அவரே அவர் வாயால் தன் மூன்று செய்திகளையும் சொல்ல, அதை அவர் வீட்டுப் போனிலேயே பதிவுசெய்துவிடுகிறேன். பிள்ளை வளைகுடா நாட்டில் இருந்தால் அவருக்கும் அது போய்ச் சேரும். தினமும் வீடியோ அழைப்பில் "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்கிற அந்தப் பிள்ளை, "ஊசி போட்டீர்களா?" என்றும் கேட்கத் தொடங்குவார்.

ஏழாம் படி: திரும்பச் சொல்லச் செய்யுங்கள்

"புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "புரிந்தது சிஸ்டர்" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் அதற்கு வராது. இப்படிக் கேளுங்கள்: "நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியவேண்டும். வீட்டுக்குப் போனதும் மருமகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்." தேர்வு நம்முடையது, அவருடையது அல்ல என்று அவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தவறிய இடத்தை அதே சொற்களில் திரும்பச் சொல்லாமல், வேறுவிதமாக விளக்கி, மறுபடி கேளுங்கள். "நாளைக்கு மீன்குழம்பு இல்லாமல் கருவாடு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று ஒரு சூழலைக் கொடுத்துக் கேட்டால் உண்மையான புரிதல் வெளியே வரும்.

இதை டிஸ்சார்ஜ் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று ஆட்டோ வெளியே நிற்கும், பில் ஒருபுறம், பை ஒருபுறம். மனம் வீட்டுக்குப் போயிருக்கும். அன்றைக்கு மூன்று செய்திகளையும் ஒருமுறை சொல்லிக் காட்டச் சொன்னால் போதும்.

எட்டாம் படி: வீட்டில் யாரிடம் சொல்வது

சமைப்பவரிடம் சொல்லாத உணவு அறிவுரை வீண். மாலையில் வீட்டார் வரும் நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை யார் முன்னால் பேசலாம் என்று முதலில் நோயாளியிடம் தனியாகக் கேளுங்கள். காசநோய் வந்த இளம்பெண், மாமியார் முன்னால் அதை எடுத்துப் பேசிய செவிலியரை மன்னிக்கமாட்டாள். அவள் ஆறு மாத மருந்தை இடையில் நிறுத்துவதற்கு அந்த ஒரு பேச்சே காரணமாகிவிடக்கூடும். தவக்காலத்திலும் நோன்பு நாட்களிலும் விரத நாட்களிலும் மருந்து நேரம் மாறும் என்பதால் அதையும் முன்கூட்டியே கேளுங்கள். நோன்பு இருப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்க அவருக்கு நேரம் கிடைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எழுதுங்கள், ஒப்படையுங்கள், அழையுங்கள்

"சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதால் அடுத்த டியூட்டி செவிலியருக்கு ஒரு பயனும் இல்லை. நான் எழுதச் சொல்வது இப்படி: "சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 யூனிட் தானே சரியாக எடுத்தார். குப்பியை உருட்ட மறந்தார். சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதைச் சரியாகச் சொன்னார். மனைவிக்கு இன்னும் கற்பிக்கவில்லை." இதைப் படிப்பவர் எங்கே தொடங்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்வார்.

வீட்டுக்குப் போகும் முன் அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தகவல் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. உங்கள் ஒரு பக்கத் தாளின் படத்தை அவருக்கும் அனுப்புங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நோயாளி இருவரையும் நம்பமாட்டார்.

மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. "நன்றாக இருக்கிறீர்களா?" என்று தொடங்கினாலும் அதோடு நிறுத்தாதீர்கள். "இன்று காலை ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள், அதற்குப் பிறகு எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் இருந்தால் மறுநாளும் அழையுங்கள்.

கடலில் இருப்பவரை மூன்றாம் நாள் அழைக்க முடியாது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 61 நாள் அவர்கள் கரையில் இருப்பார்கள். ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, ஊசி போடும் முறையை மறுபடி செய்துகாட்டச் சொல்வது எல்லாவற்றுக்கும் அதுதான் நேரம். என் நோட்டில் அவர்களுக்கென்று இரண்டு பக்கங்கள் தனியாக இருக்கின்றன, ஒன்று ஏப்ரலுக்கு, ஒன்று ஜூனுக்கு. தடை தொடங்கிய முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொண்டு வருவேன்.